பிரேக் டிஸ்க்கும் நூறு படி அண்டாவும்

எங்கள் வீட்டுக்காரர் ராஜதுரைக்கு எந்த உலோகத்தைக் கண்டாலும் விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தாக வேண்டும். தூத்துக்குடியில் இருபத்தேழு வருஷமாகப் பாத்திரக்கடை நடத்துகிற ஆள். கடைக்குள் சுண்டினால் அது தொழில். இவர் பேங்கில் லாக்கர் கதவைச் சுண்டுவார். கல்யாணப் பந்தியில் தண்ணீர் டம்ளரைச் சுண்டி, "கனம் பத்தாது" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லுவார். ஒரு தடவை கோயில் உண்டியலைச் சுண்டிவிட்டுப் பூசாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் அனுசியா, அவர் பெண்டாட்டி. கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது என் வேலை.

இந்த ஆள்தான் போன ஆவணி மாதம் எங்கள் காரின் பிரேக்கைப் பற்றி ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தது. முடிவு தப்பாகிவிட்டால் என் மகள் பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வரமாட்டாள்.

மகள் பேர் பேச்சிச்செல்வி. செல்வி என்றுதான் கூப்பிடுவோம். கயத்தாறில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, பிரசவ சமயத்தில்தான் லீவு கிடைக்கும். செல்விக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டுவிட்டு அன்றைக்கே பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவோம். தலைப்பிள்ளை அல்லவா, நான் மாடி அறையில் புதுக் கட்டில் போட்டு, கொசுவலை கட்டி, டாக்டரம்மாவிடம் இரண்டு முறை போய்ப் பேசி, பிறக்காத பிள்ளைக்கு நாலு சட்டைகூடத் தைத்து வைத்திருந்தேன்.

இதற்குக் குறுக்கே நின்றவர் சம்பந்தி தளவாய். அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் சக்கரத்தில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை என்று சொல்லுவார், நாம் கேட்காவிட்டாலும் சொல்லுவார். ஆடி மாதம் செல்வியைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் வீட்டு வாசலில் எங்கள் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்ததும் கார் கிரீச்சென்று கத்தி, குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கி நின்றது. தளவாய் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்கப்பிடாது. இந்தப் பிரேக்க வச்சிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்தது ஒங்க கெட்டிக்காரத்தனந்தான். ஆனா என் மருமவள இதுல ஏத்தி அனுப்ப மாட்டேன். வளைகாப்பு அன்னைக்கு வண்டிய நான் ஓட்டிப் பாப்பேன். எனக்குத் திருப்தியா இருந்தாத்தான் அனுப்புவேன்."

"வாடகைக் கார் புடிச்சிட்டு வந்திருதோம்" என்றேன் நான்.

"மொகந்தெரியாத டிரைவர நம்பியா அனுப்பச் சொல்லுதிய? அதுக்கு இங்கனயே இருக்கட்டும் மைனி."

அவர் மனைவி செல்லக்கிளி இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தவள் போல, "இங்கன என்ன கொறச்சல்? ஆஸ்பத்திரி நடந்துபோற தூரம். பிரசவத்த நானே பாத்துக்கிடுதேன்" என்றாள். தங்கமான மனுஷிதான். அன்றைக்கு மட்டும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

வளைகாப்பு வெள்ளிக்கிழமை என்று குறித்தாயிற்று. அந்த வாரத் திங்கட்கிழமை காலையில் மூணாவது மைல் பக்கம் இருக்கும் ஜீவமணியின் ஒர்க்‌ஷாப்பில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். நானும் கூடப் போனேன். இவரைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. ஜீவமணி முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, உள்ளே இருந்த இரும்பு வட்டுகளையும் கழற்றித் தரையில் வைத்தான். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் கட்டைகள் வந்து இந்த வட்டைத்தான் கவ்விப் பிடிக்குமாம். கட்டைக்குப் பேர் பேடு, வட்டுக்குப் பேர் டிஸ்க்.

"இது தோசைக்கல்லுல்லா" என்றேன்.

அதே வட்டம், அதே இரும்பு. முகமெல்லாம் கோடு கோடாகப் பள்ளம் விழுந்து, விளிம்பில் துரு மேடு கட்டியிருந்தது. எங்கள் ஊரில் இரும்புக்கு இதுதான் கதி. கீழே கடை, மாடியில் வீடு, துறைமுகத்துக் காற்று நேரே வந்து அடிக்கிற தெரு. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே நாலு வருஷம் தாங்காது.

ஜீவமணி அளவுகோலை வைத்து இரண்டையும் அளந்தான். "அண்ணாச்சி, புதுசா இருக்கையில இதோட கனம் இருவத்திரெண்டு மில்லிமீட்டர். இருவதுக்குக் கீழ போவப்பிடாதுன்னு, இந்தா பாருங்க, டிஸ்க்குலயே அடிச்சிருக்கான். இடதுபக்கம் இருவது புள்ளி ஒம்பது இருக்கு. வலதுபக்கம் இருவது புள்ளி ரெண்டுதான். லேத்துல ஏத்திச் சீவினா கோடெல்லாம் போயிரும், கூடவே கனமும் போயிரும். வலதுபக்கம் இருவதுக்குக் கீழ எறங்கிரும். ரெண்டையும் மாத்திருங்க."

"கீழ எறங்கினா என்னலே ஆவும்?"

"சூடு தாங்காது அண்ணாச்சி. நெளியும். கீறல் விடும்."

எங்கள் வீட்டுக்காரர் வலதுபக்க டிஸ்க்கை ஒரு விரலில் தொங்கவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். சுண்டினார். கணீரென்றது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"கேட்டியாலே சத்தத்த? எப்பேர்ப்பட்ட இரும்பு! இதத் தூரப் போடச் சொல்லுத."

"அண்ணாச்சி, இது பிரேக்கு. சத்தமே வரக்கூடாதுன்னுதான் நீங்க எங்கிட்ட வந்திருக்கிய."

இவர் கஞ்சன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். செல்வி கல்யாணத்தில் கை நடுங்காமல் செலவழித்தார். ஆனால் தட்டினால் சத்தம் வருகிற ஒரு பொருளைக் கழித்துப் போடுவது இவருக்குப் பாவம் செய்கிற மாதிரி. டிஸ்க் இரண்டையும் ஒயர்கூடையில் போட்டு என் மடியில் வைத்து, ஜீவமணியிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் லேத் வைத்திருக்கிற ரோச்சிடம் போனார்.

ரோச் விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட் கடைகிறவர். அதிகம் பேசமாட்டார். அவரும் அளந்தார். இடதுபக்க டிஸ்க்கை லேத் மேல் வைத்தார். வலதுபக்க டிஸ்க்கை எங்கள் கூடைக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

"அதச் சீவலாம். இத நான் தொடமாட்டேன்."

"அப்பம் அந்த ஒண்ணச் சீவித் தாரும். இன்னொண்ணுக்குப் புதுசு வாங்கிக்கிடுதேன்" என்றார் இவர்.

"ஒரு காலுக்குப் புதுச் செருப்பு, ஒரு காலுக்குத் தேஞ்ச செருப்பு போட்டு நடப்பியளா அண்ணாச்சி? பிரேக்க மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். சீவினா சோடியாச் சீவணும். மாத்தினா சோடியா மாத்தணும்."

"நகக்கண்ணு அளவு சீவினாப் போதுமய்யா."

"இருக்கதே நகக்கண்ணு அளவுதான். கடல்ல ஷாஃப்ட்டு ஒடிஞ்சா நங்கூரத்தப் போட்டுட்டு அடுத்த போட்டு வார வரைக்கும் நிக்கலாம். ரோட்டுல எங்கன நிப்பிய?"

ரோச் லேத்தை ஓட்டப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் அசரவில்லை. கோவில்பட்டியில் ஒரு லேத்துக்காரர் இருக்கிறார், எதையும் சீவிக் கொடுப்பார் என்று யாரோ சொன்னார்களாம். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் எப்போதாவது நடக்கிற காரியம். அதையும் இவர் கவனிக்கவில்லை.

மறுநாள் கடையில் கடவுள் கண்ணைத் திறந்தார். ஒரு அம்மா பழைய அலுமினியச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பாலிஷ் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டாள். இவர் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தினம் நாலு பேரிடம் சொல்லுகிறதைச் சொன்னார்.

"அடி தேஞ்சிட்டும்மா. இதுக்குப் பாலிஷ் போட்டா இன்னுந்தான் தேயும். பாக்கப் பளபளன்னு இருக்கும், ஒரு நா அடுப்புல இருக்கையில பொத்துக்கிட்டுக் கொழம்பு பூரா ஊத்திரும். புதுசு எடுத்துக்கிடுங்க."

"என்ன சொன்னிய?" என்றேன் கல்லாவிலிருந்து. "அந்தம்மாகிட்ட இப்பச் சொன்னியள்லா, அத எங்கிட்ட ஒருக்காச் சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். "அது சட்டிளா" என்றார்.

"ஆமா, சட்டி. அது பொத்துக்கிட்டா ஊத்துறது கொழம்பு."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டது. செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், என் காதில் விழாத தூரத்தில் நின்று ஜீவமணியிடம் பேசினார். ஜெயித்தவள் நான்தான். ஆனாலும் ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாமல் அந்த அம்மாவுக்கு நல்ல சட்டியாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை புது டிஸ்க்கும் புதுப் பேடும் வந்தன. பொட்டலத்தைப் பிரித்ததும் டிஸ்க் மேல் எண்ணெய் பூசியிருந்தது தெரிந்தது. அனுப்பினவன் விவரமானவன் என்று நினைத்துக்கொண்டேன். ஜீவமணி என்ன செய்தான் தெரியுமா? துணியைப் பெட்ரோலில் நனைத்து அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டான்.

"ஏந் தம்பி, எண்ணெயத் தொடைக்க? துருப்புடிச்சிராதா?"

"தொடைக்கணும்க்கா" என்றான். ஏன் என்று சொல்லுவதற்குள் அவனுக்கு ஃபோன் வந்துவிட்டது. இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒரு பொருளைப் பேணத் தெரியவில்லை என்று நானும் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் எட்டயபுரம் சாலையில் ஓட்டிப் பார்த்தார். சத்தமும் இல்லை, நடுக்கமும் இல்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையார் படத்துக்கு ஒரு சூடம் கொளுத்தினேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் ஒரு மழை பெய்து கடல்காற்று தூக்கியடித்தது. வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கோலம் போடக் கீழே வந்தவள், சந்தில் நின்ற காரின் சக்கரத்து ஓட்டை வழியாகத் தற்செயலாகப் பார்த்தேன். டிஸ்க் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. மாட்டி இரண்டு நாள்கூட ஆகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துருப்பிடிக்காதா என்று அன்றைக்கே கேட்டேனே! இன்றைக்குத் தளவாய் அண்ணன் குனிந்து சக்கரத்துக்குள் பார்ப்பார். "துருப்புடிச்ச பிரேக்கோடயா வந்திருக்கிய?" என்று கேட்பார். செல்லக்கிளி அங்கேயே செல்விக்குக் கட்டிலைத் தட்டிப் போடுவாள்.

எங்கள் கடையில் தோசைக்கல், பணியாரக்கல், இரும்புச் சட்டி எல்லாவற்றுக்கும் வாரம் ஒருமுறை எண்ணெய் தடவித்தான் அடுக்குவோம். தடவாமல் விட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். தூத்துக்குடியில் இரும்பு விற்கிற எல்லாரும் செய்கிற காரியம்தான். அதைத்தான் நானும் செய்தேன். அரைக் கிண்ணம் தேங்காய் எண்ணெய், ஒரு குச்சி, குச்சி நுனியில் பழைய வேட்டித் துணி. ஓட்டை ஓட்டையாக விட்டு டிஸ்க்கின் வெளிப்பக்கம் தடவினேன். தரையில் ஒருக்களித்துப் படுத்து உட்பக்கமும் தடவினேன். துரு அடங்கி டிஸ்க் மினுமினுவென்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. செய்கிற நல்லதையெல்லாம் தம்பட்டம் அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஏழு மணிக்கு ஏழு வகைச் சாதமும் வளையல் தட்டும் தயார். என் நாத்தனார் இசக்கியம்மாள் ஆறுமுகநேரியிலிருந்து முந்தின நாளே வந்திருந்தாள். கையில் செல்போன் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. சாமான் ஏற்றுவதற்காக இவர் காரைச் சந்திலிருந்து எடுத்துக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தார். எதிரே டீக்கடை. ஏழெட்டுப் பேர் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

கார் வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மெதுவாகத்தான் போனது, ஆனால் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடிக்குள் இவர் முகம் வெளுத்துப்போனது தெரிந்தது. டீக்கடைக்குப் பத்தடி இருக்கும்போது ஸ்டீயரிங்கை ஒடித்து, கைபிரேக்கை இழுத்தார். கார் திரும்பி எங்கள் கடை வாசலுக்கே வந்து, விளம்பரத்துக்காக நிறுத்தி வைத்திருந்த நூறு படி அண்டாவில் மோதி நின்றது. அந்தச் சத்தம் பழைய துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். அண்டா உள்வாங்கி நிலக்கடலை மாதிரி ஆகிவிட்டது.

"இம்புட்டுப் பெரிய தெருவுல இடிக்கதுக்கு ஒங்களுக்கு நம்ம அண்டாதான் கெடச்சுதா?" என்று கத்தினேன்.

இவர் ஜீவமணிக்கு ஃபோன் போட்டார். "புதுசு புதுசுன்னு எந் தலையில கட்டிட்டியலே! பழசச் சீவி மாட்டிருந்தா மானம் போயிருக்காதே!" என்று தெருவே கேட்க ஏசினார். பத்தே நிமிஷத்தில் ஜீவமணி பைக்கில் வந்து இறங்கினான். அவன் முகத்திலும் ஈயாடவில்லை. சக்கரத்தைக் கழற்றினான், டிஸ்க்கைத் தொட்டான், விரலை மோந்து பார்த்தான். இன்னொரு தடவை மோந்தான். பிறகு அந்த விரலை இவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"என்ன வாசம் அண்ணாச்சி?"

"தேங்காண்ணெ."

"பேடு டிஸ்க்கக் கவ்விப் புடிக்கணும். நடுவுல எண்ணெ இருந்தா எப்பிடிப் புடிக்கும்? அதுக்குத்தான அன்னைக்கு மெனக்கெட்டுத் தொடச்சேன். மழை பெஞ்சா மேல ஒரு துரு படியத்தான் செய்யும், ரெண்டு தடவ பிரேக் மிதிச்சா தானாப் போயிரும். யாரு தேச்சது?"

இவர் ஜீவமணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முந்தானையில் கருப்பாக எண்ணெய்க்கறை இருந்ததை அப்போதுதான் நானே பார்த்தேன்.

"நாந்தாம்லே" என்றார். "துருவாத் தெரிஞ்சுது. தோசைக்கல்லுக்குத் தேய்க்க நெனப்புல தேச்சிட்டேன்."

டீக்கடைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய்தான். அப்போது திறக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது, பயமும் இருந்தது. இசக்கியம்மாள் அதற்குள் அண்டாவைப் படம் எடுத்து, "தம்பி பிரேக்குக்குத் தேங்காண்ணெ தேச்சிட்டான்" என்று எழுதிக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். அந்தக் குழுவில் கயத்தாறுக்காரர்கள் மொத்தப் பேரும் இருக்கிறார்கள்.

ஜீவமணி நல்ல பிள்ளை. ஸ்பேர் கடைக்காரரை வீட்டிலிருந்து கிளப்பிக் கடையைத் திறக்கச் சொல்லி, எண்ணெய் குடித்த பேடுகளைக் கழித்துப் போட்டு வேறு மாட்டி, டிஸ்க்கைத் துடை துடையென்று துடைத்தான். நாலு தெரு ஓட்டிக் காட்டினான். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வழியில் இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கயத்தாறில் இறங்கும்போதே தளவாய் வாசலில் நின்றார். "வாங்க சம்பந்தி. தேச்சது போவ மிச்சம் எண்ணெ இருக்கா?" பந்தலே சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்துவைத்தார். தளவாய் சாவியை வாங்கிக்கொண்டு தன்னந்தனியாகக் காரை எடுத்துப் போனார். நாங்கள் செல்விக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கினோம். என் கண் முழுக்க வாசலிலேயே இருந்தது.

பந்தி முடிந்து நாங்கள் புறப்பட நின்றபோதுதான் தளவாய் பேச்சை எடுத்தார்.

"பிரேக்கு பிரமாதம். அந்த மெக்கானிக்குக் கையில வேல இருக்கு. வண்டியில ஒரு கொறையுங் கெடையாது." எனக்கு மூச்சு வந்தது. "ஆளத்தான் எனக்கு நம்பிக்க இல்ல. சம்பந்தி, கோவிச்சிக்கிடாதிய. டிஸ்க்குக்கு எண்ணெ தேய்க்கவரு நாளைக்கு டயருக்குச் சந்தனம் பூசுவாரு. வாயும் வயிறுமா இருக்க புள்ளய ஒங்ககூட எப்பிடி அனுப்ப?"

செல்லக்கிளி செல்வியின் பெட்டியைத் திரும்ப உள்ளே எடுத்துவைக்கக் குனிந்தாள். செல்வி "மாமா" என்று ஆரம்பிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வியாபாரத்தில் ஒரு டம்ளருக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன்.

"எண்ணெ தேச்சது நான்" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பந்தலில் இருந்த எல்லாப் பெண்களும் திரும்பினார்கள்.

"அவியளுக்கு ஒண்ணுந் தெரியாது அண்ணே. வெடியக்காலம் துருவப் பாத்தேன். நீங்க பாத்தா அனுப்ப மாட்டியளேன்னு பதறிப்போயி, கடையில தோசைக்கல்லுக்குத் தேய்க்க மாதிரி தேச்சிட்டேன். எம் முந்தானையப் பாத்துத்தான் அவிய பழியத் தன் மேல போட்டுக்கிட்டாவ. நானும் வாயத் தொறக்கல."

பின்னாலிருந்து ஒருத்தி, "நல்லெண்ணெ தேச்சிருக்கலாம்" என்றாள். உடனே ஆரம்பித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் அசையாமல் நின்றேன். தளவாய் மட்டும் சிரிக்கவில்லை.

"மைனி, பிரேக்கு புடிக்கலன்னு தெரிஞ்சதும் சம்பந்தி என்ன செஞ்சாரு? நடந்தது நடந்தபடி சொல்லுங்க."

"நேர டீக்கடையப் பாத்துப் போச்சு. ஏழெட்டு ஆளு நின்னாவ. அவிய ஸ்டீயரிங்க ஒடிச்சி, கைபிரேக்க இழுத்து, திருப்பிக் கொண்டாந்து நம்ம அண்டாவுல..."

அங்கே நின்றுவிட்டேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தத் தெருவில் யார் மேலும் படாமல் மோதி நிற்க அது ஒன்றுதான் இருந்தது. இவர் தெரிந்துதான் அதில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதற்குத்தான் நான் தெருவில் நின்று கத்தினேன்.

தளவாய் எங்கள் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "ஓரமா நின்ன அண்டாவப் பாத்துத் திருப்பினியளா?"

"அது எப்பவும் அங்கனதான நிக்கும்" என்றார் இவர் கூச்சத்தோடு.

"முப்பத்தொரு வருசத்துல இந்தப் புத்தி சட்டுன்னு வராத டிரைவர எத்தனையோ பாத்துட்டேன்." தளவாய் சாவியை இவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "நீங்க ஓட்டுங்க. மைனி, நீங்க பின்னால ஒக்காருங்க. வண்டிய மட்டும் தொட்டுராதிய."

செல்லக்கிளி பெட்டியைத் தானே தூக்கிவந்து டிக்கியில் வைத்தாள். என் கையைப் பிடித்து, "கொழந்த பொறந்ததும் மொத ஃபோனு எனக்கு" என்றாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

ஓட்டப்பிடாரம் வழியாக வந்தோம். இசக்கியம்மாள் முன்சீட்டில் செல்போனை மடியில் போட்டுவிட்டுத் தூங்கினாள். செல்வி என் மடியில் தலைவைத்துப் படுத்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

"எதுக்கு நீங்க செஞ்சதாச் சொன்னிய?" என்றேன் மெதுவாக.

"எப்பிடியும் கடைசில எம்மேலதான வரும்? இருவத்தேழு வருசமா அப்பிடித்தான். சரி, இன்னைக்கு முன்னாடியே வாங்கிக்கிட்டேன்."

அவர் தோளில் கையை வைத்தேன், அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சி விலக்கு தாண்டினதும், உடைமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஆட்டுமந்தை திடீரென்று ரோட்டில் இறங்கியது. இவர் பிரேக்கை மிதித்தார். கார் முதல் ஆட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் நின்றது. நான் குனிந்து செல்வியைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், ஒன்றுகூடக் கிணுங்கவில்லை.